ஸ்டியரிங் எப்போ டைட்டாகுது?

“ஸ்டியரிங் டைட்டா இருக்குங்க” என்று ஒரு பழைய காரோடு போய் நில்லுங்கள். பானெட்டைத் திறக்கும் முன்பே பதில் வந்துவிடும்: “ராக் போயிருக்கும் சார். அசெம்ப்ளியா மாத்திடலாம்.” இருபது வயதான காருக்கு ராக் அசெம்ப்ளி என்ன விலை என்று விசாரித்தால், வண்டியையே தள்ளிவிடலாமா என்று யோசனை வரும். இன்னும் பல வருஷம் ஓடவேண்டிய எத்தனையோ வண்டிகள் இப்படித்தான் காயலான் கடைக்குப் போய்ச் சேருகின்றன.

என்னிடம் இருப்பது ஃபோர்டு ஐகான், 1.3 லிட்டர் பெட்ரோல். 1999 கடைசியில் மறைமலைநகரிலிருந்து வர ஆரம்பித்த மாடல். ‘ஜோஷ் மெஷின்’ என்று டிவியில் விளம்பரம் ஓடியது பலருக்கு நினைவிருக்கும். 2021இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாகக் கம்பெனி அறிவித்த பிறகு, இந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. எந்தச் சாமானையும் கழற்றித் தூக்கிப்போடும் முன் அது உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று பார்ப்போம். எல்லா வண்டிக்காரர்களுக்கும் இது இருந்தால் நல்லதுதான்.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டியரிங்கில் என்ன கோளாறு இருந்தாலும் அந்த ரோடு வெளியே கொண்டுவந்துவிடும். என் வண்டி சமதளத்தில் ஒழுங்காகத்தான் போனது. வளைவில் வேகத்தைக் குறைத்து முழுசாக ஒடிக்கும்போது மட்டும் முன்பக்கம் ஓர் உறுமல் கேட்டது, கூடவே ஸ்டியரிங் கனத்தது. கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் இளகிவிடும். இறங்கிவந்து முதலில் காட்டிய இடத்தில் சொன்ன தீர்ப்பைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். ராக்கோடு பம்பையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தார்கள்.

நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். கார் வேலையை அவ்வளவாகத் தொடமாட்டார். ஆனால் பவர் ஸ்டியரிங் என்று வந்தால், பத்து டன் ஏற்றிய லாரியில் அதைப் பார்த்துப் பழகியவருக்குக் காரில் இருப்பது சின்ன உருப்படி. அவர் கேட்ட முதல் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

“எப்போ டைட்டாகுதுங்க தம்பி?”

“எப்பவுமே கொஞ்சம் அப்படித்தாங்ணா இருக்குது” என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

“எப்பவும்னு ஒண்ணு கெடையாது. காத்தால எடுத்ததுமா? ஓடிச் சூடான பொறகா? ஐடிலிங்லயா, ரேஸ் குடுத்தாலுமா? ரெண்டு பக்கமும் ஒடிச்சாலா, ஒரு பக்கம் மட்டுமா? அதச் சொல்லுங்க, பாதி வேல முடிஞ்சுது.”

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததும் இதுதான். ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் உள்ள பழைய வண்டியில் எந்தச் சாமான் கெட்டிருக்கிறது என்பதை, அது எந்த நேரத்தில் கனக்கிறது என்பதை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும்.

உள்ளே இருப்பது ஆறு சாமான்தான். இன்ஜின் பெல்ட்டில் சுற்றும் பம்ப், ஆயில் டப்பா, டப்பாவிலிருந்து பம்புக்கு ஆயில் இழுக்கும் சக்‌ஷன் ஹோஸ், பம்பிலிருந்து ராக்குக்குப் போகும் பிரஷர் ஹோஸ், ராக்கிலிருந்து டப்பாவுக்கு வரும் ரிட்டர்ன் ஹோஸ், கடைசியில் முன் வீல்களைத் திருப்பும் ராக். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ராக்கின் கழுத்தில் இருக்கும் ஒரு முறுக்குக் கம்பி இம்மியளவு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கில் ஒரு வால்வு திறந்து, நாம் ஒடிக்கும் பக்கம் ராக்கைத் தள்ளும்படி ஆயிலை விடும். நேராகப் போகும்போது ஆயில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். முழுசாக ஒடித்து லாக்கில் பிடித்தால் பிரஷர் உச்சத்துக்குப் போகும். கார்களில் அது 70 முதல் 100 பார் வரை இருக்கும். டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார்தான் என்பதை வைத்து இதன் பலத்தைப் புரிந்துகொள்ளலாம். லாக்கில் பிடித்தபடி நாலைந்து நொடிக்கு மேல் நிற்காதே என்று பழைய டிரைவர்கள் சொல்வதும் இதனால்தான். அந்த நேரம் ஆயில் போக இடமில்லாமல் பம்புக்குள்ளேயே சுற்றிக் கொதிக்கும்.

சொகுசுக்காக வந்த சங்கதி இல்லை இது. அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் வேலை பார்த்த பிரான்சிஸ் டேவிஸ் என்ற இன்ஜினியர் 1926லேயே இதை ஒரு காரில் ஓட்டிக் காட்டிவிட்டார். இரண்டாம் உலகப்போரில் கனமான ராணுவ வண்டிகளுக்குப் போய்விட்டு, விற்பனைக்கு வரும் காருக்கு இது வந்தது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியலில். நம்மூரில் மாருதி 800 ஓட்டிப் பழகியவர்களுக்கு இது இல்லாமலும் காலம் ஓடியது. அந்த வண்டியின் எடைக்கு இது தேவைப்படவும் இல்லை.

இனி அண்ணனின் கேள்விகளுக்கு வருவோம்.

ஐடிலிங்கில் கனத்து, ரேஸ் கொடுத்தால் இளகுகிறது என்றால் சந்தேகம் முதலில் பம்ப் பக்கம் போகவேண்டும். பம்பே கெட்டிருக்கவேண்டும் என்றில்லை. ஆயில் குறைந்திருக்கலாம், பெல்ட் வழுக்கலாம், எங்கோ காற்று ஏறலாம், பம்பில் உள்ள பிரஷர் வால்வில் அழுக்குச் சிக்கியிருக்கலாம். பெல்ட் வழுக்கினால் கீச்சிடும், மழையில் நனைந்த அன்று இன்னும் அதிகமாக. காற்று ஏறினால் உறுமும். சூடான பிறகு மட்டும் கனத்தால் பம்ப் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் இளகிய பிறகு தேய்ந்த இடத்தில் நழுவி, பிரஷர் ஏறாது. நேர் எதிராக, காலையில் எடுத்ததும் கனத்து, கொஞ்ச தூரம் ஓடியதும் சரியானால் ராக்கின் வால்வுப் பகுதியைப் பார்க்கவேண்டும். அங்கே உள்ள டெஃப்லான் ரிங்குகள் வருஷக்கணக்கில் உரசி, சுற்றியுள்ள உலோகத்தில் வரி வரியாகப் பள்ளம் போட்டிருக்கும்.

ஒரு பக்கம் ஒடித்தால் லேசு, மறுபக்கம் கனம் என்றால் பம்பை விட்டுவிடலாம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பம்ப்தானே ஆயில் கொடுக்கிறது? கோளாறு ராக்குக்குள்.

இன்னொன்று பலரை ஏமாற்றும். ஸ்டியரிங் வீலை ஒரு முழுச் சுற்று சுற்றும்போது இரண்டு இடத்தில் மட்டும் பிடித்து விடுகிறது. இதற்கும் ஆயிலுக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்டியரிங் தண்டில், பெடலுக்குக் கீழே இருக்கும் ஜாயின்ட் கிராஸ் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. அதன் அமைப்பே ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இறுகுவதுதான். அதேபோல வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாக நேராகாமல் திருப்பிய இடத்திலேயே நின்றால், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் தலையில் உள்ள பேரிங், யாரோ கூடுதலாக இறுக்கிவிட்ட ராக் அட்ஜஸ்ட்மென்ட் என்று வேறு வரிசையில் தேடவேண்டும். ஸ்பிரிங் மேல் கையை வைத்து இன்னொருவரை ஒடிக்கச் சொன்னால், பேரிங் பிடிக்கிறதா என்று கையிலேயே தெரியும். ஸ்பிரிங் தயங்கி ‘டங்’கென்று துள்ளும்.

என் பதில்களைக் கேட்டுவிட்டு அண்ணன் செய்த முதல் வேலை டயரில் காற்று பார்த்தது. சிரிப்பாக இருக்கலாம். முன் டயரில் காற்று குறைந்தால் எந்த ஸ்டியரிங்கும் கனக்கும், காற்று ஒழுங்காக அடித்த பிறகு பேசுவதுதான் பேச்சு. அடுத்து முன் இரண்டு வீலும் தரையைத் தொடாதபடி ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்தார். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு ஸ்டியரிங்கை லாக்கிலிருந்து லாக் வரை சுற்றினார். இந்தப் பரிசோதனைக்கு ஜாக்கியும் ஸ்டாண்டும் தவிரக் கருவி எதுவும் வேண்டாம், ஆனால் நிறைய பட்டறைகளில் யாரும் செய்வதில்லை. தூக்கிய நிலையிலும் கனத்தால் கோளாறு இரும்பில்; ராக்கை வீலோடு இணைக்கும் டை ராடு எண்டு இரண்டையும் கழற்றிவிட்டு மறுபடி சுற்றினால், பிடிப்பது வீல் பக்கமா, ராக்-தண்டு பக்கமா என்று பிரிந்துவிடும். தூக்கிய நிலையில் சுளுவாகச் சுற்றினால் இரும்பில் குற்றமில்லை, ஆயில் பக்கம் போகலாம். என் வண்டியில் சுளுவாகச் சுற்றியது.

வண்டியை இறக்கி ஸ்டார்ட் செய்து, என்னை நாலைந்து முறை ஒடிக்கச் சொல்லிவிட்டு டப்பாவின் மூடியைத் திறந்தார். உள்ளே ஆயில் நுரைத்துக்கொண்டிருந்தது. “ஆஃப் பண்ணுங்க” என்றார். ஆஃப் செய்த நொடியில் ஆயில் மட்டம் விரலளவு மேலே ஏறியது. அழுத்தத்தில் ஒடுங்கியிருந்த காற்று, பம்ப் நின்றதும் உப்பித் தள்ளியதால் ஏறிய மட்டம் அது. காற்று இல்லாத சிஸ்டத்தில் மட்டம் இப்படி ஏறாது.

ஆனால் தரையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. அப்படியானால் காற்று எங்கே ஏறுகிறது? சக்‌ஷன் ஹோஸில். அங்கே ஆயிலுக்கு அழுத்தம் கிடையாது, பம்ப் உறிஞ்சுகிறது. ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பதுபோலத்தான்: வெளியே எதுவும் சிந்தாது, வாய்க்குக் காற்றுதான் வரும். இந்த ஒரு சங்கதி தெரியாததால் எத்தனை பம்ப் அநியாயமாக மாற்றப்பட்டிருக்குமோ தெரியவில்லை. புதுப் பம்ப் போடும்போது கழற்றி மாட்டுகிற வேகத்தில் பழைய கிளாம்பும் இறுகிவிடும், சத்தம் நிற்கும், பம்ப்தான் காரணம் என்று கணக்கு எழுதப்படும்.

அண்ணன் விரலில் கொஞ்சம் கிரீஸ் எடுத்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெல்ட்டுக்குப் படாமல் கையை வளைத்து, டப்பாவின் அடியில் ஹோஸ் சேரும் இடத்தைச் சுற்றிப் பூசினார். சில நொடிகளில் உறுமல் பாதியாகக் குறைந்தது. பழக்கமில்லாதவர்கள் ஓடும் பெல்ட் பக்கம் கையைக் கொண்டுபோகவேண்டாம். ஆஃப் செய்துவிட்டுப் பூசி, பிறகு ஸ்டார்ட் செய்து கேட்டாலும் இதே வித்தியாசம் தெரியும். ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் இன்ஜின் சூட்டில் வெந்து பிளாஸ்டிக் குழாய்போல விறைத்துக் கிடந்தது. கிளாம்பு எவ்வளவு இறுக்கினாலும் விறைத்த ரப்பர் பிடிக்காது.

மாற்று ஹோஸ் வாங்குவதில் ஒரு கவனம் வேண்டும். ரேடியேட்டர் தண்ணி ஹோஸை அளவு பார்த்து வெட்டி மாட்டுவது நம்மூரில் சகஜம். அந்த ரப்பர் தண்ணீருக்கானது. ஆயில் பட்டால் ஊறி உப்பி, கொஞ்ச நாளில் உள்சுவர் உரிந்து துகளாகப் பம்புக்குள் போகும். ஆயில் ஹோஸ் என்று கேட்டு வாங்கவேண்டும். எனக்கு ஹோஸும் இரண்டு கிளாம்பும் சேர்ந்து ஐநூறு ரூபாயைத் தாண்டவில்லை.

டப்பாவையும் கழற்றினோம். அடியில் ஒரு சல்லடை உண்டு. பெரும்பாலான டப்பாக்களில் அதைத் தனியாக எடுக்கமுடியாது. பெட்ரோல் விட்டு அலசி, காற்றடித்துக் காயவைத்துத்தான் மாட்டவேண்டும். அது அடைத்தாலும் பம்ப் இதேபோல மூச்சு முட்டி உறுமும். பழைய ஆயிலை அண்ணன் ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் விரித்தார். சிவப்பாக இருக்கவேண்டியது கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. துணியில் தங்கிய கறுப்புத் துகளை விரலால் நசுக்கினால் குழைந்தது. “இது ரப்பரு. மினுமினுன்னு இருந்துச்சுனாத்தான் பம்பு தேயுதுன்னு அர்த்தம். உங்களுக்கு மினுமினுப்பு இல்லீங்க.” பம்ப் அந்த இடத்தில் தப்பித்தது.

ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கார்களில் பெரும்பாலும் டெக்ஸ்ரான் வகை சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) தான். ஆனால் ஹோண்டா தனக்கென்று ஓர் ஆயில் கேட்கும், சில ஐரோப்பியக் கார்களுக்குப் பச்சை ஆயில். மேனுவலிலோ டப்பா மூடியிலோ எழுதியிருக்கும், அதற்கு மேல் யாருடைய யோசனையும் வேண்டாம். அவசரத்துக்குப் பிரேக் ஆயில் ஊற்றுவதை மட்டும் கனவிலும் செய்யாதீர்கள். பவர் ஸ்டியரிங் சீல்களின் ரப்பருக்கு அது விஷம். சீல் ஊறிக் குழைந்து, பம்ப், ராக் இரண்டுக்கும் சேர்த்துச் செலவு வைக்கும். கசிவை நிறுத்தும் மருந்து என்று சின்ன பாட்டிலில் விற்பதும் சீலைக் கொஞ்சம் உப்பவைக்கிற வேலையைத்தான் செய்கிறது. வெளியூரில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர உதவும். அதை வைத்தே வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பது என் கணக்கில் காசுக்குக் கேடு.

புது ஆயில் ஊற்றியதும் ஸ்டார்ட் செய்து ஒடித்துப் பார்க்கத்தான் கை பரபரக்கும். அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் காற்று நுரையாக அடிபட்டு, அடங்க மணிக்கணக்காகும். முன் வீல்களைத் தூக்கி, இன்ஜினை ஓட்டாமல், ஆயில் மட்டம் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே நிதானமாக லாக்கிலிருந்து லாக் வரை ஒடிக்கவேண்டும். டப்பாவில் குமிழி வருவது நின்ற பிறகுதான் ஸ்டார்ட். பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றுவதும் இதே முறையில்தான். ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, டப்பாவில் அது சேரும் வாயை அடைத்துவிட்டு ஒடித்தால், பழையது பாட்டிலில் இறங்கும், மேலே புதியதை ஊற்றிக்கொண்டே வரலாம். ஒருவர் ஒடிக்க, ஒருவர் ஊற்ற என்று இரண்டு பேர் வேண்டும். வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலை.

சத்தமும் கனமும் போனது. ராக் விவகாரம் அதோடு முடியவில்லை. அது வேறு கோளாறாக, அடுத்த மழைக்காலத்தில் வந்தது. ஆயில் மட்டம் மெல்ல இறங்க ஆரம்பித்தது, தரையில் சொட்டவில்லை. இப்படி இருந்தால் ராக்கின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் பூட்டைப் பிதுக்கிப் பார்க்கவேண்டும். இடது பூட் கனமாகத் தளும்பியது. கிளிப்பைத் தளர்த்தியதும் சிவப்பு ஆயில் ஒழுகியது. ராக்கின் முனை சீல் போய், ஆயில் பூட்டுக்குள் சேர்ந்திருக்கிறது. காரணம் பூட்டிலேயே இருந்தது: மடிப்பில் ஒரு கிழிசல். அதன் வழியாக மழைத்தண்ணீரும் மண்ணும் போய், பளபளவென்று இருக்கவேண்டிய ராக் ராடில் துரு பிடித்து, அந்தச் சொரசொரப்பு சீலைத் தின்றுவிட்டது. மலிவான பூட்டைக் காலத்தில் மாற்றாவிட்டால் இதுதான் கதி. சர்வீஸுக்கு வண்டி ஏறும்போதெல்லாம் அதை மட்டுமாவது கேட்டுப் பாருங்கள்.

இங்கேயும் அசெம்ப்ளியை மாற்றவேண்டியதில்லை. ராக் ரீகண்டிஷன் செய்பவர்கள் சேலம், கோவை, சென்னை என்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சீல் கிட் போட்டால் போதுமா என்பதை ராடுதான் சொல்லும். ராடில் நகத்தை ஓட்டினால், நகம் தட்டாத அளவு சொரசொரப்பு என்றால் லேத்தில் பாலிஷ் போட்டுப் புது சீல் போடலாம். நகம் மாட்டினால் புது சீல் போடுவது வீண், ராடுக்குக் குரோம் ஏற்றவேண்டும் அல்லது வேறு ராக் பார்க்கவேண்டும். கூடவே உள்ளே ராடைத் தாங்கும் புஷ்ஷையும் மாற்றச் சொல்லுங்கள். புஷ் தேய்ந்து ராடு ஆடினால் எந்த சீலும் நிற்காது. ‘போன தடவைதான் கிட் போட்டேன், மறுபடி ஒழுகுது’ என்று புலம்புபவர்களில் பலர் புஷ்ஷை விட்டவர்கள்தான்.

வேறு ராக் என்றால் பழைய சாமான் கடைகள்தான்: சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம். பூட்டுக்குள் விரல் விட்டுப் பார்த்து காய்ந்திருக்கிறதா, ராடில் துரு இருக்கிறதா, ஹோஸ் வாய்கள் மூடியிருந்ததா என்று பார்த்து எடுக்கவேண்டும். திறந்த வாயோடு மண்ணில் கிடந்த ராக்கை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ராக்கைக் கழற்றும்போது இரண்டு விஷயத்தில் கவனம் அவசியம். டை ராடு எண்டைக் கழற்றும்போது எத்தனை மரை என்று எண்ணி, பெயின்டால் ஒரு கோடு போடவேண்டும். அப்போதுதான் திரும்ப மாட்டி அலைன்மென்ட் கடை வரை வண்டி நேராகப் போகும். ஸ்டியரிங்கில் ஏர்பேக் உள்ள வண்டியானால், ராக் இல்லாத நேரத்தில் ஸ்டியரிங் வீல் இஷ்டத்துக்குச் சுற்றாமல் கட்டிவைக்கவேண்டும். சுற்றினால் உள்ளே இருக்கும் சுருள் வயர் அறுந்து, ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கும். திரும்ப மாட்டும்போது பைப் சேரும் இடத்தில் உள்ள காப்பர் வாஷர்கள் எல்லாமே புதிதாக இருக்கவேண்டும்.

பிரஷர் ஹோஸ் ஒழுகினால், ஜேசிபிக்கு ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கிரிம்பிங் கடைகளில் பழைய முனைகளைக் கொடுத்தால் அளவுக்குச் செய்துதருவார்கள். கிளாம்பு போட்டு ஒப்பேற்றுகிற இடம் அது இல்லை. கசிவைக் கையால் தடவியும் தேடக்கூடாது. ஊசித்துளையிலிருந்து அந்தப் பிரஷரில் வரும் ஆயில் தோலைத் துளைக்கும். ஒரு அட்டையை நீட்டிப் பார்த்தால் போதும். சூடான சைலன்சர் பைப்பில் சொட்டினால் தீப்பிடிக்கலாம் என்பதால் இந்தக் கசிவை மட்டும் நாளைக்கு என்று தள்ளவேண்டாம்.

பெரும்பாலான புதுக் கார்களில் இந்த ஆயில் கதையே இல்லை. 1988இல் ஜப்பானில் சுசூகி செர்வோவில் மின்சார ஸ்டியரிங் வந்தது, இப்போது சின்னக் கார்கள் பெரும்பாலும் அப்படித்தான். அங்கே கனத்தால் முதலில் பேட்டரியையும் எர்த் வயரையும் பார்க்கவேண்டும், மற்றதை ஸ்கேனர் பார்த்துக்கொள்ளும்.

ஒன்றை மலைப்பாதையில் அடிக்கடி பார்க்கிறேன். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு உருட்டுவது. பவர் ஸ்டியரிங் வண்டியில் அப்படிச் செய்தால் பம்ப் நிற்கும். வீல் திரும்பும்தான், ஆனால் சாதாரண ஸ்டியரிங் வண்டியைவிடக் கனக்கும், ராக்கில் உள்ள ஆயிலையும் சேர்த்துத் தள்ளவேண்டும். பிரேக் பூஸ்டரும் நாலு மிதியில் காலியாகிவிடும். கொண்டை ஊசி வளைவில் இரண்டும் சேர்ந்து போவதற்கு எவ்வளவு பெட்ரோல் ஈடு?

ராக் வேலை முடிந்து அலைன்மென்ட் செய்து, மறுபடி கொல்லிமலை ஏறி இறங்கியாயிற்று. காலையில் எடுத்து முதன்முறை ஒடிக்கும்போது மட்டும் ஒரு நொடி முனகல் இன்னும் இருக்கிறது. அண்ணனிடம் சொன்னேன்.

“ஆயில் மட்டம் எறங்குதுங்களா?”

“இல்லீங்ணா.”

“நுரைக்குதா?”

“இல்லீங்க.”

“அப்ப பம்புக்கு வயசாகுது, அவ்வளவுதான். சூடானப்பறம் டைட்டாச்சுன்னா கொண்டாங்க. அதுவரைக்கும் கை வெக்க வேண்டாம்.”